துருவத்துக்கு ஒரு கடிகாரம்

1874-ம் வருஷம் செப்டம்பர் மாதம் ஒரு நாள் வியன்னா நகரம் தன் வேலைகளைப் போட்டுவிட்டு ரயில் நிலையத்தைப் பார்த்து ஓடியது. இரண்டு வருஷங்களுக்கு முன் வடதுருவப் பக்கம் போன ஒரு கப்பலைப் பற்றித் தகவலே இல்லாதிருந்தது. போனவர்கள் 24 பேர். இனித் திரும்பமாட்டார்கள் என்று நினைத்திருந்தபோது, 23 பேர் உயிரோடு வந்து சேர்ந்தார்கள். வெறுங்கையோடும் வரவில்லை. எந்தப் பூகோளப் படத்திலும் இல்லாத ஒரு தீவுக் கூட்டத்தைக் கண்டு, அதற்குத் தங்கள் சக்கரவர்த்தி பிரான்ஸ் ஜோசப்பின் பெயரைச் சூட்டிவிட்டு வந்திருந்தார்கள். கொடிக்கும் வாத்தியத்துக்கும் ஊர்வலத்துக்கும் கேட்பானேன்!

அந்தக் குழுவின் இரண்டு தலைவர்களில் ஒருவர் கார்ல் வெய்ப்ரெக்ட் என்ற கடற்படை அதிகாரி. அடுத்த வருஷம் கிராஸ் என்ற ஊரில் விஞ்ஞானிகளும் வைத்தியர்களும் கூடிய மாநாட்டில் அவர் பேசினார். துருவத்தில் புது நிலம் கண்டுபிடிப்பதும், முன்னால் போனவனைவிட நாலு மைல் வடக்கே போய்க் கொடி நட்டுவிட்டு வருவதும் விஞ்ஞானத்துக்கு அதிகமாக உதவவில்லை என்பது அந்தப் பேச்சின் சாரம். கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளையே எழுந்து நின்று, கல்யாணம் வீண் செலவு என்று சொன்ன மாதிரி இருந்திருக்கும்.

அவர் ஏன் அப்படிப் பேசினார் என்று தெரிய வேண்டுமானால் அந்தப் பிரயாணத்தின் கதையைக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கப்பலின் பெயர் டெகெட்ஹாப். மாலுமிகளில் பெரும்பாலோர் ஏட்ரியாட்டிக் கடற்கரைக்காரர்கள். வெயிலுக்கும் திராட்சைக்கும் பழகியவர்கள். 1872 ஆகஸ்டில் நோவயா ஸெம்லியா தீவுக்கு அப்பால் கப்பலைப் பனிக்கட்டி நாலு பக்கமும் பிடித்துக்கொண்டது. கோடை வந்தால் விட்டுவிடும் என்று காத்திருந்தார்கள். கோடை வந்தது, பனி விடவில்லை. கப்பல் தன் இஷ்டப்படி போகவில்லை. பனி எங்கே நகர்ந்ததோ அங்கே அதுவும் நகர்ந்தது. அப்படி ஓராண்டு மிதந்தபின், 1873 ஆகஸ்ட் 30-ந் தேதி மூடுபனி விலகியபோது எதிரே மலைகள் தெரிந்தன. ஆக, அந்தத் தீவுகளை இவர்கள் தேடிப் போகவில்லை. பனிதான் கொண்டுபோய்க் காட்டியது. இந்த உண்மை வெய்ப்ரெக்டின் மனத்தில் ஆழப் பதிந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொரு தலைவரான ஜூலியஸ் பையர் சறுக்கு வண்டிகளை இழுத்துக்கொண்டு தீவு தீவாகச் சுற்றிப் படம் வரைந்தார். வெய்ப்ரெக்ட் கப்பலிலும் அதன் பக்கத்துப் பனியிலும் உட்கார்ந்து காந்த ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். துருவப் பிரதேசத்து இரவு வானத்தில் பச்சையும் சிவப்புமாகத் திரைச்சீலை ஆடுவதுபோல் ஓர் ஒளி தோன்றும். அந்த ஒளி ஆடும்போதெல்லாம் ஊசியும் நிலைகொள்ளாமல் ஆடியது. எத்தனையோ இரவுகள் அதைக் குறித்து வைத்தார். ஆனால் ஒரு சிக்கல். அதே நிமிஷத்தில் ஸைபீரியாவில் ஊசி ஆடியதா, கிரீன்லாந்தில் ஆடியதா? யாருக்குத் தெரியும்? அங்கே பார்க்க ஆள் இல்லை. ஒரு வீட்டில் மட்டும் உட்கார்ந்துகொண்டு ஊரில் எங்கெங்கே மழை பெய்கிறது என்று சொல்ல முடியுமா?

1874 மே மாதம் கப்பலைக் கைவிட்டுப் படகுகளைச் சறுக்கு வண்டிகளில் ஏற்றித் தெற்கு நோக்கி இழுக்கத் தொடங்கினார்கள். இவர்கள் தெற்கே இழுக்க, காலடியில் இருந்த பனி வடக்கே நகர்ந்தது. இரண்டு மாதம் உயிரைக் கொடுத்து இழுத்தபின் கணக்குப் பார்த்தால், கப்பலைவிட்டுப் பத்து மைலுக்கு மேல் போகவில்லை. அந்த நிலையிலும் வெய்ப்ரெக்ட் மாலுமிகள் முன் தளர்ச்சி காட்டவில்லை. பிறகு காற்றுத் திரும்பியது, பனி தளர்ந்தது, படகுகள் தண்ணீரைத் தொட்டன. ஆகஸ்ட் கடைசியில் நோவயா ஸெம்லியாவின் கரையருகே மீன் பிடிக்க வந்த ஒரு ருஷ்யக் கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டது. இறந்த ஒருவர் கப்பலின் எஞ்சினீயர். அவரைக் கொன்றது பனி அல்ல, க்ஷயரோகம்.

இவ்வளவு பாடுபட்டவருக்குத்தான், பட்ட பாடு விஞ்ஞானக் கணக்கில் எவ்வளவு சொற்பம் என்று சொல்லும் தைரியம் இருந்தது. தலைக்கு ஒரு கப்பல் அனுப்புவதை விட்டுவிட்டு, எல்லா நாடுகளும் சேர்ந்து துருவத்தைச் சுற்றி வளையமாக நிலையங்கள் அமைக்கட்டும். எல்லா நிலையங்களிலும் ஒரே முறையில், ஒரு முழு வருஷம், ஒரே நேரத்தில் பார்க்கட்டும். அப்போதுதான் காற்றும் காந்தமும் ஒளியும் எப்படி வேலை செய்கின்றன என்பது புலப்படும். இதுதான் அவருடைய யோசனை. இப்போது கேட்டால் இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். பிரான்ஸும் ஜெர்மனியும் சண்டை போட்டு ஓய்ந்து ஐந்து வருஷம்கூட ஆகாத காலம் அது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

யோசனைக்குக் கை தட்டியவர்கள் அதிகம். பணம் கொடுத்தவர்கள் குறைவு. வில்செக் என்ற பிரபு ஒருவர்தான் ஆரம்பத்திலிருந்து துணை நின்றார். 1879-ல் ஹாம்பர்க், 1880-ல் பெர்ன், 1881-ல் ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று மாநாடு மேல் மாநாடாகப் பேசி ஏற்பாடுகள் நடந்தன. மூன்றாவது மாநாட்டில் வெய்ப்ரெக்ட் இல்லை. 1881 மார்ச் மாதம், தம்முடைய 42-ம் வயதில், அவரும் க்ஷயரோகத்தில் இறந்துபோனார். அவர் நினைத்தபடி ஒரே ஒரு நிலையம்கூட அவர் கண்ணால் பார்க்கவில்லை. மிச்ச வேலையை ஹைன்ரிக் வில்ட் என்ற ஸ்விஸ் நாட்டுக்காரர், ருஷ்யத் தலைநகரத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே, முடித்து வைத்தார்.

1882 ஆகஸ்டில் முதலாவது சர்வதேசத் துருவ ஆண்டு தொடங்கியது. வடக்கே பன்னிரண்டு நிலையங்கள், தெற்கே இரண்டு. ஆஸ்திரியர்கள் யான் மாயென் தீவில், ஸ்வீடன்காரர்கள் ஸ்பிட்ஸ்பெர்கனில், ருஷ்யர்கள் நோவயா ஸெம்லியாவிலும் லீனா நதி முகத்திலும், அமெரிக்கர்கள் அலாஸ்காவின் வட முனையிலும் கிரீன்லாந்துக்கு எதிர்க்கரையிலும். தெற்கே தென் ஜார்ஜியா தீவில் ஜெர்மானியர்கள். ஹார்ன் முனைக்குப் பக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள். பத்து வருஷங்களுக்கு முன் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருந்த இரண்டு தேசத்தார் இப்போது அண்டை அயலாராக உட்கார்ந்து காந்த ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லா நிலையங்களுக்கும் ஒரு சட்டம் உண்டு. மாதத்தின் முதல் தேதியிலும் பதினைந்தாம் தேதியிலும் 24 மணி நேரமும், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் காந்தக் கருவியைப் பார்த்து எழுத வேண்டும். அதில் ஒரு மணி நேரம் மட்டும் இருபது விநாடிக்கு ஒரு தரம்! நேரத்துக்கு எந்த ஊர்க் கடிகாரம்? ஜெர்மனியிலுள்ள கெட்டிங்கன் நகரத்துக் கடிகாரம். காந்த ஆராய்ச்சிக்கு வழி வகுத்த கௌஸ் என்ற மகா மேதை வாழ்ந்த ஊர் அது. ஆக, அலாஸ்காவில் ஒருவன் விளக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து எழுதுகிறான். அதே விநாடியில் லீனா நதிக் கரையில் இன்னொருவன் எழுதுகிறான். இவனுக்கு அவன் முகம் தெரியாது, பாஷை தெரியாது. இருவர் சட்டைப் பையிலும் கெட்டிங்கன் நேரம். வெய்ப்ரெக்ட் இருந்து பார்த்திருந்தால் எப்படி மகிழ்ந்திருப்பார்!

எல்லாம் சுகமாக நடந்துவிடவில்லை. டச்சுக்காரர்களின் கப்பலான வார்னா குறித்த இடத்தை அடையுமுன்பே காரா கடலில் பனியில் சிக்கி, கடைசியில் நொறுங்கி மூழ்கியது. அவர்கள் பனியின்மேலேயே கருவிகளை வைத்துக் கணக்கெடுத்துவிட்டு ஆள் சேதமில்லாமல் ஊர் திரும்பினார்கள். தெற்கே இருந்த நிலையங்களுக்கு எதிர்பாராத ஒரு லாபம். 1883 ஆகஸ்டில் கிரகதோவா எரிமலை வெடித்தது அல்லவா? அந்த அதிர்ச்சியில் எழுந்த கடலலை உலகத்தைச் சுற்றிப் போய்த் தென் ஜார்ஜியாவில் அலையளக்கும் கருவியில் கோடு போட்டது. நம்முடைய சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த கருவிகள்கூட அதே அலையை எழுதி வைத்தன.

இனி கிரீலியின் கதைக்கு வருகிறேன். கதை எழுதுகிறவன் என்ற முறையில் என்னை இழுப்பது இதுதான்.

அமெரிக்க ராணுவத்தைச் சேர்ந்த அடால்பஸ் கிரீலி என்ற லெப்டினன்ட் 1881 ஆகஸ்டிலேயே எல்ஸ்மியர் தீவின் வடகோடிக்குப் போய்ச் சேர்ந்தார். லேடி பிராங்க்லின் விரிகுடாவின் கரையில் மரவீடு கட்டி, அதற்குக் கான்கர் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். மொத்தம் 25 பேர். இரண்டு பேர் கிரீன்லாந்து எஸ்கிமோக்கள். காற்றழுத்தம், வெப்பம், கடலின் ஏற்ற இறக்கம், காந்தம் எல்லாம் நாள் தவறாமல் குறிக்கப்பட்டன. ஆனால் பழைய மோகம் அங்கேயும் எட்டிப் பார்த்தது. 1882 மே மாதம் லாக்வுட், பிரெய்னார்ட், கிரீன்லாந்துக்காரரான கிறிஸ்தியான்ஸென் ஆகிய மூன்று பேர் வடக்கே 83 டிகிரி 24 நிமிஷம் வரை போய்க் கொடி பிடித்தார்கள். ஆங்கிலேயர்கள் வைத்திருந்த பழைய எல்லையைவிட மூன்று நாலு மைல் அதிகம்! வெய்ப்ரெக்ட் எதை வேண்டாம் என்றாரோ, அதை அவர் பெயரால் நடந்த காரியத்துக்குள்ளேயே செய்து காட்டினார்கள். மனித சுபாவம்.

1882-ல் வர வேண்டிய உதவிக் கப்பல் பனியைத் தாண்ட முடியாமல் திரும்பிவிட்டது. 1883-ல் வந்த கப்பலைப் பனி நெரித்து மூழ்கடித்தது. கிரீலிக்கு இது எதுவும் தெரியாது. கொடுத்த உத்தரவின்படி 1883 ஆகஸ்டில் கோட்டையை விட்டுப் படகுகளில் தெற்கே புறப்பட்டார். பனியிலும் தண்ணீரிலுமாக அலைந்து ஸாபைன் முனைக்கு வந்து சேர்ந்தபோது 25 பேரும் உயிரோடு இருந்தார்கள். அங்கே கிடைத்தது, கப்பல் மூழ்கிவிட்டது என்ற கடிதமும் கொஞ்சம் உணவும்தான். கல்லை அடுக்கிச் சுவராக்கி, படகைக் கவிழ்த்துக் கூரையாக்கி, அதற்குள் 25 பேரும் படுத்துக்கொண்டார்கள். வெளியே துருவத்து நீண்ட இரவு.

அவர்கள் கொண்டு வந்த சாமான்களில் ஓர் ஊசல் இருந்தது. பூமியின் ஈர்ப்பை அளப்பதற்கான கனமான கருவி. உயிருக்கே உத்தரவாதமில்லாத பிரயாணத்தில் அது வெறும் பாரம். விட்டுவிடலாமா என்று கிரீலி தம் ஆட்களைக் கேட்டார். வேண்டாம் என்று அவர்கள் மறுத்துவிட்டு, இழுத்துக்கொண்டே வந்தார்கள். மாதக்கணக்காக எடுத்த குறிப்புகளும் அப்படியே வந்தன. இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுவிடுகிறேன். அந்த ஆட்களில் பெரும்பாலோர் சாதாரணச் சிப்பாய்கள். ஊசல் எதற்கு என்று கேட்டால் பாதிப் பேருக்கு விளக்கத் தெரிந்திருக்காது. பாரத்தைக் குறைத்திருந்தால் இன்னும் சில பேர் பிழைத்திருப்பார்களா? பிழைத்திருக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். அவர்களைக் கொன்றது பசி.

ஜனவரியில் முதல் ஆள் போனான். பிறகு ஒவ்வொருவராக. கடற்கரையில் அரிசி அளவுள்ள இறால் பூச்சிகளை வலை போட்டு அள்ளினார்கள். பாறையில் படர்ந்த பாசியைச் சுரண்டினார்கள். காலணித் தோலை வேகவைத்தார்கள். சாப்பாட்டைத் திருடிய ஒரு சிப்பாயை, எச்சரித்தும் கேட்காததால், கிரீலி எழுத்து மூலம் உத்தரவு போட்டுச் சுடச் செய்தார். 83 டிகிரிக்கு மேல் கொடி பிடித்த மூவரில் லாக்வுட்டும் கிறிஸ்தியான்ஸெனும் ஏப்ரலில் இறந்தார்கள். இத்தனைக்கும் நடுவில் காற்றழுத்தக் கணக்கு நிற்கவில்லை. கடைசி நாட்கள் வரை யாராவது ஒருவன் தவழ்ந்தாவது போய்க் கருவியைப் பார்த்து எழுதினான்.

1884 ஜூன் 22-ந் தேதி மீட்புக் கப்பல்கள் வந்தன. கூடாரம் காற்றில் சரிந்து கிடந்தது. உள்ளே ஏழு பேர். அவர்களில் ஒருவர் பிறகு இறந்துவிட, மிஞ்சியவர்கள் ஆறு பேர். ஊர் திரும்பியதும் பத்திரிகைகள் என்ன எழுதின? இறந்தவர்களின் உடல்களில் சதை வெட்டப்பட்டிருந்ததா என்பதைப் பற்றிப் பெரிய எழுத்தில் எழுதின. மூன்று வருஷக் கணக்கைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் சில பேர்தான்.

அந்தக் கணக்காவது உடனே பயன்பட்டதா என்றால், அதுவும் இல்லை. ஒவ்வொரு நாடும் தன்தன் அறிக்கையைத் தடித்தடிப் புத்தகங்களாக அச்சிட்டது. எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஆளும் இல்லை, பணமும் இல்லை. 1891-ல் துருவக் கமிஷனைக் கலைத்துவிட்டார்கள். நூறு வருஷங்களுக்கு மேல் கழித்து, 2006-ல், அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இரண்டு பேர் அந்த ஏடுகளைத் தூசி தட்டி எடுத்து, ஆர்க்டிக் பிரதேசத்தின் சீதோஷ்ணம் எப்படி மாறியிருக்கிறது என்று பார்ப்பதற்கு அவற்றை உபயோகித்தார்கள். தனித்தனியாக எழுதிய நாட்குறிப்பாக இருந்தால் இது முடியாது. ஒரே முறையில் எழுதியதனால்தான் முடிந்தது. ஸாபைன் முனையில் இறந்தவர்களுக்கு இது போதுமான கூலியா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இரண்டாவது துருவ ஆண்டு 1932-33-ல். உலகம் முழுவதும் வியாபார மந்தம். ஆனாலும் சுமார் நாற்பது நாடுகள் சேர்ந்தன. வெய்ப்ரெக்ட் கண்ட பிரான்ஸ் ஜோசப் தீவுகள் அதற்குள் ருஷ்யர் கைக்கு வந்துவிட்டன. அங்கே அமைந்த சோவியத் நிலையத்தில் ஜெர்மானிய விஞ்ஞானி ஒருவரும் ருஷ்யர்களோடு குளிர்காலத்தைக் கழித்தார். அந்தக் குளிர்காலத்தில்தான் பெர்லினில் ஹிட்லர் பதவிக்கு வந்தான். பிறகு வந்த யுத்தத்தில் குறிப்புகள் பலவும் சிதறின.

மூன்றாவது, ஒரு விருந்திலிருந்து பிறந்தது. 1950 ஏப்ரலில் அமெரிக்காவில் வான் ஆலன் என்ற பௌதிக நிபுணர் வீட்டில் சில விஞ்ஞானிகள் சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஐம்பது வருஷம் எதற்குக் காத்திருப்பது, இருபத்தைந்திலேயே நடத்திவிடலாமே என்றார் பெர்க்னர் என்பவர். அதுவே விரிந்து, 1957 ஜூலை முதல் 1958 டிசம்பர் வரை, 67 நாடுகள் கலந்துகொண்ட சர்வதேசப் பௌதிக பூகோள ஆண்டு ஆயிற்று. சிதம்பரத்துக்குப் பக்கத்தில் அண்ணாமலை நகரில் காந்த ஆராய்ச்சி நிலையம் வந்தது இதை ஒட்டித்தான். தென் துருவக் கண்டத்தில் மட்டும் 12 நாடுகள் நிலையம் போட்டன. அணுகுண்டைக் காட்டி ஒருவரை ஒருவர் மிரட்டிக்கொண்டிருந்த காலத்தில், கார்ட்ரைட் என்ற அமெரிக்கர் ருஷ்யர்களின் மிர்னி நிலையத்திலும், ரஸ்டோர்குயெவ் என்ற ருஷ்யர் அமெரிக்கர்களின் நிலையத்திலும் உட்கார்ந்து வானிலை பார்த்தார்கள். ஸ்புட்னிக் விண்ணில் ஏறியபோது கார்ட்ரைட் மிர்னியில் இருந்தார். சுற்றிலும் ருஷ்யர்கள் கொண்டாட, அவர் ஒருவர் அமெரிக்கர்! அந்த இரவை எழுத ஒரு நல்ல சிறுகதை ஆசிரியன் வேண்டும்.

இந்தப் பழக்கத்தின் பலன், 1959 டிசம்பர் முதல் தேதி வாஷிங்டனில் கையெழுத்தான அண்டார்க்டிக் ஒப்பந்தம். கண்டம் முழுவதும் சமாதான காரியங்களுக்கு மட்டும். ராணுவ வேலை கூடாது. கண்டறிந்ததை எல்லோருக்கும் சொல்ல வேண்டும். எங்கள் நிலம் என்ற பழைய வழக்குகளைக் கிளறக் கூடாது. இன்றுவரை அது அமலில் இருக்கிறது.

அந்த 1957-ல், ஒரு விளம்பரத்தைப் பார்த்து அண்டார்க்டிகாவுக்குப் போன பிரெஞ்சு இளைஞர் கிளாட் லோரியஸ். பனிக்குள் புதைந்த சின்ன அறையில் மூன்று பேராக ஒரு வருஷம் இருந்தார். பின்னால் ஒரு சமயம், ஆழத்திலிருந்து தோண்டிய பனிக்கட்டியை விஸ்கியில் போட்டபோது அதிலிருந்து குமிழிகள் கிளம்பியதைப் பார்த்தார். ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்திய காற்று அல்லவா அது! அதை அளந்தால் பழைய உலகத்தின் காற்று எப்படி இருந்தது என்று தெரிந்துவிடும். மதுவினால் விளைந்த நன்மைகளில் இது ஒன்று என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

ஆழமான பனிக்கு அவர் ருஷ்யர்களிடம் போக வேண்டியிருந்தது. வஸ்தோக் என்ற நிலையத்தில் லெனின்கிராட் சுரங்கக் கல்லூரிக்காரர்கள் வருஷக் கணக்காகத் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். 1983-ல் பூஜ்யத்துக்குக் கீழே 89.2 டிகிரி குளிர் பதிவான இடம் அது. 1982 ஏப்ரலில் மின்சார நிலையம் தீப்பிடித்து ஒருவர் இறந்தார். மற்ற இருபது பேரும் குளிர்காலம் முழுவதும் உதவியின்றி, கையால் செய்த அடுப்புகளை எரித்துப் பிழைத்திருந்தார்கள். இப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்த பனியை ஆராய, ருஷ்யத் துளை, பிரெஞ்சு ஆராய்ச்சிசாலை, அமெரிக்க விமானம் மூன்றும் சேர்ந்தன. 1980-ல் மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கர்கள் பகிஷ்கரித்தார்கள். 1984-ல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கை ருஷ்யர்கள் பகிஷ்கரித்தார்கள். ஓடுவதற்கும் தாண்டுவதற்கும் ஒன்று சேராதவர்களில், பனிக்கட்டியைப் பெட்டியில் அடுக்கி விமானத்தில் ஏற்ற ஆட்கள் கிடைத்தார்கள்.

1987-ல் முடிவுகள் வெளியாயின. 1,60,000 வருஷத்துச் சரித்திரம். உலகம் குளிர்ந்தபோதெல்லாம் காற்றில் கரியமில வாயு குறைந்திருந்தது, சூடானபோதெல்லாம் கூடியிருந்தது. 1999-ல் அந்தக் கணக்கு 4,20,000 வருஷத்துக்கு நீண்டது. அவ்வளவு காலத்திலும் அந்த வாயு பத்து லட்சத்தில் 300 பங்கு அளவைத் தாண்டியதில்லை. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. லோரியஸ் 2023-ல் தம் 91-ம் வயதில் காலமானார்.

நான்காவது துருவ ஆண்டு 2007-ல் தொடங்கி 2009-ல் முடிந்தது. ஐந்தாவதை 2032-33-ல் நடத்தத் திட்டமிட்டு வருகிறார்கள். இதற்கிடையில் 2022 பிப்ரவரியில் ருஷ்யா உக்ரேனுக்குள் படை நடத்தியது. அடுத்த மாதமே ஆர்க்டிக் கவுன்சிலின் மற்ற ஏழு நாடுகளும் ருஷ்யாவோடு செய்துவந்த வேலையை நிறுத்தி வைத்தன. நிறுத்தியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குண்டு விழும்போது காந்த ஊசியைப் பற்றிப் பேசுவது எல்லோராலும் முடிகிற காரியமல்ல. ஆனால் ஆர்க்டிக் கடற்கரையில் பாதிக்கு மேல் ருஷ்யாவுடையது. நிலத்தடியில் உறைந்து கிடக்கிற மண் எவ்வளவு இளகியிருக்கிறது என்ற கணக்கில் அந்தப் பக்கம் இப்போது பெரிய ஓட்டை விழுந்திருக்கிறது.

வெய்ப்ரெக்டின் மாலுமிகள் கண்ட தீவுகளுக்கு இன்றும் ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் பெயர்தான். அங்கே ஹெய்ஸ் தீவில் 1957-ல், அந்த மூன்றாவது ஆண்டுக்கென்று, ருஷ்யர்கள் கட்டிய நிலையம் ஒன்று உண்டு. அதன் கணக்கு வந்து சேராமல் துருவத்தைச் சுற்றி வளையம் முடியாது.